மேலே யாரும் இல்லை

மே 29

அன்புள்ள அண்ணி,

கால் வலி குறைந்ததா? அண்ணனுக்குப் போன் செய்தேன். "கட்டுப் போட்ட கால் பரவாயில்ல, கட்டுப் போடாத வாய்தான் தாங்கல" என்றார். நீங்கள் தேறி வருகிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். "அவ போன்ல பேச மாட்டாளாம். எழுதச் சொல்றா" என்றார்.

சரி, எழுதுகிறேன். முப்பது வருஷம் மைதானத்தில் விசில் ஊதியவளுக்குப் பேனா சுலபமாக வராது. அதுவும் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் அண்ணிக்கு எழுதுவதென்றால் பரீட்சைத்தாள் மாதிரிதான் இருக்கிறது.

மருத்துவமனையில் ஒரு நாள்தான் உங்களோடு இருக்க முடிந்தது. பள்ளியில் சேர்க்கை வேலை இருந்தது. தப்பாக நினைக்க வேண்டாம்.

மலையில் ஆறு நாள் நடக்கக் கிளம்பினோம், நான்காம் நாள் உங்கள் கால் முறிந்ததோடு முடிந்துவிட்டது. ஆனாலும் முதல் மூன்று நாளை என்னால் மறக்க முடியவில்லை. புல் அறுத்து முதுகில் கட்டி இறக்கிக்கொண்டிருந்த பெண்கள், ஓட்டுக்குப் பதில் கல் பலகை வேய்ந்த கூரைகள், நடந்து வருகிறவர்கள் தண்ணீர் குடிக்கட்டும் என்று மத்தியானம் வரை கதவைச் சாத்தாத வீடுகள். வழிக்கல் ஒவ்வொன்றிலும் அதை நட்டவர் பெயர் இருந்ததும், நீங்கள் அதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டதும் நினைவுக்கு வருகின்றன.

அன்று மூடுபனி இறங்கியபோது, நீங்கள் காலையில் புறப்பட்ட ஊருக்கே திரும்பிப் போயிருப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். நமக்குள் பேச்சும் இல்லையே.

உங்கள் சாப்பாட்டுப் பெட்டி என்னிடமே தங்கிவிட்டது. கழுவி வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் அன்பு நாத்தனார்


ஜூன் 4

விசிலுக்கு,

உன் கடிதத்தில் ஏழு பிழை. ஆறு எழுத்துப் பிழை. ஏழாவது, மே மாதம் பதினெட்டாம் தேதி உடற்பயிற்சி ஆசிரியைக்கு என்ன சேர்க்கை வேலை? சரி, போகட்டும்.

போனில் பேசினால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எழுத்தில் இருந்தால் திரும்பப் படிக்கலாம். அதனால்தான் எழுதச் சொன்னேன்.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. ஒன்பது வாரம் கட்டு. உன் அண்ணன்தான் சமைக்கிறார். நேற்று வைத்த குழம்பை அவரே ருசி பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் மலைக்குப் போனீங்களா, சண்டைக்குப் போனீங்களா?" என்று கேட்டார், ஏதோ குழம்பு கெட்டதற்கும் நாம்தான் காரணம் என்பதுபோல.

சண்டை உண்மைதான். அன்று காலை சுனையடியில் பத்துப் பேர் நிற்க, நீ என்னைப் பார்த்து விசில் ஊதினாய். "நான் உன் ஸ்கூல் பிள்ளை இல்ல" என்றேன். "ஸ்கூல் பிள்ளைங்க உங்களவிட வேகமா நடக்கும்" என்றாய். பிறகு, "பெட்டியக் குடுங்க, அதையும் நானே சுமக்கிறேன். அப்பவாவது நடக்கிறீங்களா பார்ப்போம்" என்று என் சாப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாய். நான் வேண்டுமென்றே இன்னும் மெதுவாக நடந்தேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு மணிக்குப் பனி இறங்கியது. என் கையே எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் தங்கிய வீட்டுக்காரர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "பனி வந்தா எங்க இருக்கீங்களோ அங்கயே உக்காந்துடுங்க. கீழ தகரத்தத் தட்டுவாங்க. சத்தம் வர்ற பக்கமா இறங்குங்க. சத்தம் இல்லாம ஒரு அடி வைக்கக் கூடாது." நான் அதேபோல ஒரு வழிக்கல்லில் உட்கார்ந்தேன். அதில் யார் பெயர் செதுக்கியிருந்தது என்று விரலால் தடவிப் படித்தேன். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தகரச் சத்தம் வரவில்லை. குளிர் தாங்காமல் எழுந்து நடந்தேன். ஓடைக் கல்லில் கால் சறுக்கியது.

என்னைக் கண்டெடுத்தது, அந்தத் தகரத்தைத் தட்ட வேண்டிய தகரக்காரம்மாவேதான். ஓடிப்போன கழுதையைத் தேடி வந்தாளாம். கையில் கயிறு இல்லை, கம்பளிதான் இருந்தது. அந்தக் கம்பளியில் என்னைச் சுற்றி முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அவள் என் தோள் உயரம்கூட இல்லை.

ஆனாலும் நடைப்பயணச் சங்கத்துக்குப் புகார் எழுதியிருக்கிறேன். சங்கம்தானே அவளை அந்த வேலையில் வைத்திருக்கிறது. "தூக்கிட்டு வந்தவ மேலயே புகாரா?" என்று உன் அண்ணன் கேட்டார். தூக்கியது மனுஷத்தனம், தட்டாதது வேலைத் தவறு, இரண்டும் ஒன்றல்ல என்றேன்.

சங்கம் அவளை விசாரித்திருக்கிறது. "பனி இறங்கினதும், கடைசியா வந்தவங்கள மேல யாராவது இருக்காங்களான்னு கேட்டேன். யாரும் இல்லன்னாங்க" என்றாளாம். கடைசியாக வந்தவர் யார் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லையாம். அங்கே எதையும் எழுதி வைக்கிற வழக்கம் இல்லை. வாய்ச்சொல்தான்.

நீ எத்தனை மணிக்கு இறங்கினாய்? உன்னை அவள் கேட்டாளா?

அண்ணி


ஜூன் 10

அன்புள்ள அண்ணி,

பள்ளி திறந்துவிட்டது, ஒரே அலைச்சல். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நான் இறங்கியது இரண்டரை இருக்கும். கூட வேறு ஆட்களும் இருந்தார்கள். அந்த அம்மா என்னை எதுவும் கேட்டதாக நினைவில்லை. அந்த நேரத்தில் வாசலில் கூட்டம், யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று எப்படிச் சொல்வது?

நடந்தது நடந்துவிட்டது. புகார், விசாரணை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். காலை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு மட்டும் தினமும் சின்னப் பயிற்சி கொடுக்கலாம். தனித்தாளில் படம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் அன்பு நாத்தனார்


ஜூன் 21

விசிலுக்கு,

படம் வந்தது. நீ வரைந்திருக்கும் முழங்கால் பூசணிக்காய் மாதிரி இருக்கிறது. இருந்தாலும் செய்கிறேன்.

உன் கடிதத்தைச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தேன். உன்னைக் கேட்காமல் அனுப்பியது முறையில்லைதான். ஆனால் அவர்கள், "உங்களோடு வந்தவர் ஏதாவது உறுதிப்படுத்த முடியுமா?" என்று எழுதியிருந்தார்கள். "எதுவும் கேட்டதாக நினைவில்லை" என்ற வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு அனுப்பினேன்.

நேற்று பதில் வந்தது. அவளை நீக்கிவிட்டார்கள். இனி சங்கத்து ஆள் ஒருவர் பதிவேட்டோடு உட்காருவாராம். பதினாறு வருஷமாக அந்தத் தகரம் அவள் பொறுப்பில் இருந்ததாம். அதற்கு முன் அவள் மாமியார். சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் எதையும் மறுத்துப் பேசவில்லையாம், ஒன்றே ஒன்று மட்டும் கேட்டாளாம்: "அந்தம்மாவுக்குக் கால் கூடிடுச்சா?"

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அப்படியும் மனசு நிம்மதியாக இல்லை. உன் அண்ணன் கடிதத்தைப் படித்துவிட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ராத்திரி வரை ஒரு கேலிப் பேச்சு இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் அது எனக்குப் பழக்கமில்லாத விஷயம்.

வேலையில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் இப்படி இருக்காது. கண்டுபிடித்த இடத்துக்குப் பக்கத்து வரியில் இன்னொரு தப்பைத் தவறவிட்டிருந்தால்தான் இப்படி இருக்கும்.

அண்ணி


ஜூன் 25

அண்ணி,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அவள் என்னைக் கேட்டாள்.

கடைசியாக இறங்கியது நான்தான். அதாவது, என்னோடு மூன்று கல்லூரிப் பெண்கள் வந்தார்கள். பாதி வழியில் சேர்ந்துகொண்டவர்கள். ஏற்றத்தில் அவர்களுக்கு மூச்சு வாங்கியது, எனக்கு வாங்கவில்லை. "ஆன்ட்டி, செமயா நடக்கிறீங்க! இந்த வயசுல தனியாவா வந்தீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். நான், "ஆமா, தனியாத்தான்" என்றேன். அங்கேதான் ஆரம்பித்தது. வருகிற மார்ச்சில் எனக்கு ஓய்வு என்று உங்களுக்குத் தெரியும். பள்ளியில் இப்போதே என்னை நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை செய்யச் சொல்கிறார்கள். யாரோ ஒருத்தி "இந்த வயசுல" என்று வாய் பிளந்து பார்த்தது எனக்குத் தேவையாக இருந்தது.

அவர்களும் உங்களைப் பார்த்திருக்கிறார்கள். "மேல ஒரு ஆன்ட்டி ஒவ்வொரு கல்லையும் நலம் விசாரிச்சுக்கிட்டே வராங்க" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அண்ணி.

கடைசி வளைவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். உங்கள் மஞ்சள் குடை தெரிந்தது. கீழ்நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு பனி மூடிவிட்டது. ஆகவே நீங்கள் திரும்பிப் போயிருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நினைத்ததாக உங்களுக்கு எழுதினேன்.

தகரக்காரம்மா தகரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "மேல இன்னும் யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டாள். மூன்று பெண்களும் என் பக்கத்தில். என்ன சொல்வது? தனியாக வந்தேன் என்றவளுக்கு மேலே ஒரு அண்ணி எப்படி வருவாள்? "யாரும் இல்ல" என்றேன். ஒருத்தி, "அந்தக் கல் ஆன்ட்டி?" என்றாள். "அவங்க அப்பவே திரும்பிட்டாங்க" என்றேன். தகரக்காரம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சுத்தியலை ஆணியில் மாட்டிவிட்டாள்.

விசில் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கேயே நின்று ஊதியிருக்கலாம். நான் எதிரே இருந்த தங்கும் வீட்டுக்குள் போய் அந்தப் பெண்களோடு டீ குடித்தேன். அவர்கள் மூன்றரை பஸ்ஸுக்குப் போன பிறகாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். இப்போது போய்ச் சொன்னால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடுமே என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். "இதோ வந்துடுவாங்க, இதோ வந்துடுவாங்க" என்று எண்ணிக்கொண்டிருந்தேன். உங்களை அவள் முதுகில் பார்த்ததும், அவள் முன்னாலேயே, "நீங்க திரும்பிப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

தெரியாமல் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்


ஜூலை 1

உன் கடிதத்தைத் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எழுத்துப் பிழைகளைத் தொடவில்லை. மூன்றே திருத்தம்.

'தெரியாமல்' என்பதை அடித்து 'தெரிந்து' என்று போட்டிருக்கிறேன்.

'மன்னித்துவிடுங்கள்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. யாரிடம் கேட்கிறாய் என்று தெரியவில்லை. வேலை போனது எனக்கு இல்லை.

கையெழுத்தில் 'அன்பு' என்ற சொல்லை அடித்திருக்கிறேன். 'உங்கள் நாத்தனார்' என்பது மட்டும் இருக்கட்டும். அதை நானோ நீயோ மாற்ற முடியாது.

நான் அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? தகரம் எப்படியும் அடிப்பார்கள், கீழே நம் விசில் இருக்கிறாளே, சும்மா விடமாட்டாள், ஊரையே எழுப்பிவிடுவாள் என்று. உன்மேல் கோபமாக இருந்தபோதே அப்படி நினைத்தேன்.

சங்கத்துக்கு நானே எழுதிவிட்டேன், உன் முந்தைய கடிதம் பொய் என்று. நீ எழுத வேண்டாம். எழுதுவது உனக்குச் சுலபமாகிவிட்டது. நேரில் போ. அவளிடம் போய்ச் சொல்.

உன் அண்ணனிடம் நான் எதையும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.


ஜூலை 12

அண்ணி,

தகரக்காரம்மாவின் ஊரிலிருந்து எழுதுகிறேன். அன்று டீ குடித்த அதே ஜன்னல்.

மூன்று நாள் லீவு போட்டேன். வரும் வழியில் அண்ணனைப் பார்த்தேன். ரயில் நிலையத்திலேயே, நின்றபடியே சொல்லிவிட்டேன். "வீட்டுக்கு வந்து அவ கால்ல விழு" என்பார் என்று எதிர்பார்த்தேன். "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தேன். தகரத்துக்குப் பக்கத்தில் மேஜை போட்டுச் சங்கத்து ஆள் உட்கார்ந்திருக்கிறார். பதிவேடு, பேனா, பிளாஸ்டிக் நாற்காலி. தகரக்காரம்மா வீட்டில் இல்லை, புல்லறுக்கப் போயிருந்தாள். மாலை நாலு மணிக்குப் புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் கட்டை இறக்கிவிட்டு, "அண்ணிக்குக் கால் கூடிடுச்சா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே, "தெரியும்மா" என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"நீங்க வந்து நின்னப்பவே. தனியா வந்தீங்கன்னு அந்தப் பொண்ணுங்க சொன்னாங்க. கையில ரெண்டு சாப்பாட்டுப் பெட்டி."

அண்ணி, கழுவி வைத்திருக்கிறேன் என்று உங்களுக்கு எழுதினேனே, அந்தப் பெட்டிதான்.

"அப்ப ஏன் தட்டல?" என்று கேட்டேன். நானே கேட்டேன், பாருங்கள், ஏதோ அவள்மேல் தப்பு மாதிரி.

"தட்டினா ஊரே வேலையப் போட்டுட்டு மேல ஏறணும். யாரும் இல்லன்னு நீங்க சொன்னப்புறம் நான் தட்டினா, அத்தனை பேர் முன்னால உங்களப் பொய்க்காரின்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? அதான், அந்தப் பொண்ணுங்க போகட்டும், நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க ஜன்னலவிட்டு எந்திரிக்கல. அப்புறம்தான் கம்பளிய எடுத்துக்கிட்டு ஏறினேன்."

"கழுதை?"

"எங்கிட்ட ஏதும்மா கழுதை?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இருந்தாலும் தட்டியிருக்கணும். உங்க முகத்தப் பாத்தேன், மேல இருந்த உசிரப் பாக்கல. என்ன வேலையவிட்டு எடுத்தது சரிதான்" என்றாள்.

நான் சங்கத்து ஆளிடம் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். "எழுத்து வேணாம். இது வாயால கேட்டு வாயால சொல்ற எடம்" என்றாள். என்னைத் தகரத்தடிக்கு அழைத்துக்கொண்டு போனாள். பள்ளத்துப் பக்கம் வெயில் இன்னும் இருந்தது, பனியின் சுவடே இல்லை. சங்கத்து ஆள் எழுந்து, "என்னம்மா?" என்றார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றாள். அந்த ஆள் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு உண்மையிலேயே தள்ளி நின்றார்.

அவள் ஆணியிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மேல இன்னும் யாராவது இருக்காங்களாம்மா?"

நான் மேலே சரிவைப் பார்த்தேன். மறுபடியும் கேட்டாள்.

"இருக்காங்க. எங்க அண்ணி" என்றேன்.

அவள் தட்ட ஆரம்பித்தாள். அது மணி மாதிரி இல்லை, அண்ணி. எண்ணெய்ப் பீப்பாயைப் பிளந்து விரித்த தகரம். சத்தம் பல்லில் கூசுகிறது. எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பி வருகிறது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஈரக் கையோடு ஒரு பெண், பாதி முகத்தில் சோப்போடு ஒருவர். வெயிலைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். "ஒருத்தர். மே மாசத்துலேர்ந்து" என்றாள் அவள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் என்னைத் திட்டவும் இல்லை. சோப்புக்காரர் மட்டும், "அப்ப நீங்கதானா அது?" என்றார். "நான்தான்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய் மிச்ச முகத்தைச் சிரைத்துக்கொண்டார்.

இன்று காலை நான் மட்டும் மேலே ஏறி, நீங்கள் உட்கார்ந்திருந்த கல்லைத் தேடிக் கண்டுபிடித்தேன். கீழே தட்டச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அங்கே நன்றாகக் கேட்கிறது. மிக நன்றாகக் கேட்கிறது.

வேலையைத் திருப்பிக் கொடுப்பது பற்றி ஆகஸ்ட் கூட்டத்தில் பேசுவார்களாம். அவள் எதுவும் கேட்கவில்லை. பனி இறங்கினால் பதிவேட்டுக்காரரே அவளைத்தான் ஓடிப்போய்க் கூப்பிடுகிறார்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 20

விசிலுக்கு,

நேற்று கட்டைப் பிரித்தார்கள். கால் மெலிந்து யாருடைய காலோ மாதிரி இருக்கிறது. உன் பூசணிக்காய்ப் பயிற்சி பலன் தருகிறது என்று மருத்துவர் சொன்னார்.

கழுதையைத் தேடி வந்தேன் என்றவள் கையில் கயிறு இல்லை, கம்பளி இருந்தது. நானேதான் உனக்கு எழுதினேன். என் கண்ணால் பார்த்து, என் கையால் எழுதி, என்னாலேயே படிக்க முடியவில்லை. மற்றவர் எழுத்தில் ஒரு புள்ளி குறைந்தாலும் பிடித்துவிடுவேன் என்று இருபத்தெட்டு வருஷம் தலைநிமிர்ந்து நடந்தவள். என்னைத் தேடி வந்தவளை நானே புகார் எழுதி எடுக்க வைத்தேன். உன் பொய்க்குக் கீழே கோடு போட்டதும் என் பென்சில்தான். உன் வெட்கத்தை நீ அங்கே போய் இறக்கி வைத்துவிட்டாய். என்னுடையது இங்கே மேஜை மேல் இருக்கிறது, ஒரு பிழையும் இல்லாத மூன்று மன்னிப்புக் கடிதங்களாக. எதையும் அனுப்பவில்லை. வாயால் சொல்கிற இடம் என்றாளாமே.

அதனால் நடக்க முடிந்ததும் போகிறேன். மெதுவாகத்தான் நடப்பேன், கல்லெல்லாம் படிப்பேன். கூட வர ஆள் வேண்டும். விசிலை வீட்டில் வைத்துவிட்டு வா. வேண்டாம், எடுத்துக்கொண்டே வா. சாப்பாட்டுப் பெட்டியையும் கொண்டுவா. இந்தத் தடவை என்னுடையதை நானே சுமக்கிறேன்.

ஜூன் 25 கடிதத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பி அனுப்பு. அதில் ஒரு வேலை பாக்கி. எங்கள் தொழிலில், அடித்த சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தால், அடித்தது தவறு, அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும் என்று பொருள். கையெழுத்தில் நான் அடித்த சொல்லுக்குப் புள்ளி வைக்க வேண்டும்.

முதல் திருத்தத்தில் மாற்றம் இல்லை. 'தெரிந்து' என்பது 'தெரிந்து'தான்.

அண்ணி